ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி

பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் தனேஷ் செத்துப்போன அன்று மாலையே யசோதரனின் செய்தி வலைப்பூவில் எல்லாம் வந்துவிட்டது. உள்ளே வேலை செய்யும் யாரோ அனுப்பிய படங்கள், மூடி கழற்றிய இயந்திரம், கம்பெனியின் பெயர், முதலாளியின் பெயர்.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில் ஏழாம் பக்கத்தில், கோயில் விளம்பரத்துக்குக் கீழே இரண்டே வரி. 'பிறைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளி தனேஷ், 34, மரணம்.' கம்பெனியின் பெயர்கூட இல்லை.

யசோதரன் அதைப் படம் பிடித்துத் தன் வலைப்பூவில் போட்டான். 'இதுக்கு ஒரு பேப்பர், அதுக்கு ஒரு நிருபர்' என்று மேலே எழுதினான். பினாங்கே சிரித்தது. அந்தச் செய்தியை எழுதிய பிச்சைமுத்து வழக்கம்போல் பேப்பர் ஆபீசுக்குப் போய் வந்தார். பதில் சொல்ல அவருக்கு வலைப்பூ ஏது?

தனேஷின் மனைவி ஜெயலெட்சுமியும் அன்று யசோதரனைத்தான் கும்பிட்டாள்.

எட்டு மாதம் கழித்து, ஃபெர்ரி ஏறி, சூலியா தெரு மாடியில் இருந்த அவன் ஆபீசுக்கு வந்தாள். தனேஷ் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே மயங்கி விழுந்து செத்தார் என்று கம்பெனி இப்போது சொல்கிறதாம். கூட வேலை செய்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் நஷ்டஈட்டுக் கேஸ்.

“நீங்க எழுதுனதத் தொறந்தா ஒண்ணும் வரல தம்பி. வக்கீல் கேக்கறாரு.”

“அது... எடுத்துட்டேன்க்கா.”

“எடுத்துட்டீங்களா?”

“கொஞ்சம் பிரச்சனை ஆயிடுச்சுலா.”

படங்களாவது இருக்கிறதா என்று கேட்டாள். போன் மாற்றியாச்சு என்றான், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். வலைப்பூவின் உச்சியில் 'வேலையிடப் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு' என்று ஒரு விளம்பரம் மின்னியது. அதன் ஓரத்தில் இருந்த சின்னம் அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அவள் துவைத்த தனேஷின் வேலைச் சட்டையின் பையில் இருந்தது அது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அசதியாகத்தான் இருந்தது.

யசோதரனுக்கும் மனசு உறுத்தியது, இல்லையென்று சொல்வானேன். புதிதாக ஒன்று எழுதுகிறேன், இன்றைக்கே போட்டுவிடுகிறேன் என்றான்.

“வேணாம் தம்பி. நாளைக்கு அதையும் எடுத்துடுவீங்க.”

கைப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் கேலி செய்த அதே இரண்டு வரி.

“இயந்திரத்தில் சிக்கின்னு இதுல இருக்குல்ல. வக்கீல் இதத்தான் காட்டப் போறாரு. பிச்சைமுத்து அண்ணனும் சாட்சி சொல்ல வர்றாரு.”

“அவங்க பேப்பர்ல அதுக்கு விடுவாங்களாக்கா?”

“கம்பெனிக்காரங்க அங்கயும் போனாங்களாம். ஆளு வெளிய விழுந்துதான் செத்தாருன்னு மறுப்பு எழுதச் சொன்னாங்களாம்.”

காகிதத்தை எடுத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

“எழுத மாட்டேன்னுட்டாரு தம்பி. அன்னியோட அவரு வேலை போயிடுச்சு.”