பதினொரு மணித் தண்ணீர்

"பொம்பளைங்க பத்துப் பேரு கூடி வந்து நின்னா ஆச்சுங்களா? எதுக்கும் ஒரு முறை இருக்குதல்லங்க" என்றார் ராசப்பன், நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு.

வேலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரே மாதத்தில் இது மூன்றாவது நடை. முதல் தடவை வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொண்டு வந்தார்கள். காலனியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கி நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி வந்தால், இன்றைக்கு முறை என்கிறார். ஊரே தலைவர், தலைவர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் தலையில் நன்றாகவே ஏற்றி வைத்திருந்தது.

அப்படி என்ன கேட்டுவிட்டார்கள், தங்கத்தில் குழாயா? லைன் வீட்டுக் காலனிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீரைப் பதினொரு மணிக்குத் திறக்காமல் காலை ஆறு மணிக்குத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். பதினொரு மணிக்குக் காலனியில் யார் இருக்கிறார்கள்? எட்டரைக்கெல்லாம் அத்தனை பெண்களும் பனியன் கம்பெனிக்குள் போய்விடுகிறார்கள். வால்வு திறக்கும் தங்கவேலுவோ, வெயில் ஏறுவதற்கு முன் பாயைச் சுருட்டியதாகச் சரித்திரமே இல்லை. போதாததற்கு ராசப்பனின் பங்காளி வேறு. யார் கேட்பது?

வேலாத்தாள் ஊக்குநராக இருக்கும் மகளிர் குழுவில் பதினைந்து பேர். பாதிக்கு மேல் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி விஜயராணி, கம்பெனியில் செக்கிங் வேலை. அவளுடைய மூத்த மகள் நாலாம் வகுப்பு. தண்ணீர் வருகிற நாளெல்லாம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் குடத்தோடு குழாயடியில் நிற்கிறது. இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவோம் என்று போன வாரம் டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து வேலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த விஜயராணி, அவள் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்களே கேளுங்கக்கா. நாங்க கேட்டா அவுக காதுல ஏறாது."

"ஏனுங்க," என்றாள் வேலாத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வால்வு திருப்பறதுக்கு என்ன முறைங்க வேணும்? கைதானுங்க வேணும்."

ராசப்பன் சிரித்தார். அவர் சிரித்ததும், பக்கத்து மேஜையில் இருந்த கிளார்க் சசிகுமாரும் கடமைக்குச் சிரித்து வைத்தான்.

அப்புறம் ராசப்பன் முறையை விளக்க ஆரம்பித்தார். மன்றக் கூட்டம் போட வேண்டும். உறுப்பினர்கள் எல்லாரும் வர வேண்டும். தீர்மானம் எழுத வேண்டும். அடுத்த மாதம் ஆடி, புதிதாக எதையும் தொடங்கக்கூடாது. ஆவணியில் வரிசையாகக் கல்யாணங்கள், உறுப்பினர்கள் கிடைக்க மாட்டார்கள். புரட்டாசியில் வேண்டுமானால் யோசிக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் அவருடைய தென்னந்தோப்புக்கு இரண்டே நாளில் குழாய் போனதே, அது எந்த மாதத்துக் கூட்டத்தில் எழுதிய தீர்மானம்? கேட்க நாக்கு வரை வந்ததை வேலாத்தாள் விழுங்கிக்கொண்டாள். விழுங்கி விழுங்கியே அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

வெளியே மேல்நிலைத் தொட்டியின் அடியில் குழாய் ஒரு தடவை இருமிவிட்டுச் சலசலக்கத் தொடங்கியது. மணி பதினொன்று. தங்கவேலு வால்வைத் திறந்துவிட்டான். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"நான் இங்க நிக்கேன்," என்று விஜயராணி யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "அவ அங்க நிக்கா."

அதைக் கேட்டதும் வேலாத்தாளுக்கு ராசப்பன் மேல் இருந்த எரிச்சலில் பாதி தன் மேலேயே திரும்பியது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. கையில் இருந்த மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சசிகுமாரு, ஒரு தாள் எடுங்க. காலனிக்கு இனிமேல் காலைல ஆறு மணிக்குத் தண்ணி திறக்கோணும்னு தங்கவேலுக்கு ஒரு உத்தரவு எழுதுங்க."

சசிகுமார் பேனாவை எடுத்துவிட்டு ராசப்பனைப் பார்த்தான். ராசப்பன் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க வேண்டாம். ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"ஊட்டுல கேட்டா ஆபீசுல வந்து கேளுன்னீங்க. ஆபீசுக்கு வந்தா ஊட்டுக்குப் போலாங்கறீங்க. நான் எங்கதானுங்க பேசறது?" அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "சித்த எந்திரிங்க."

எதிரே நின்ற அத்தனை பெண்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் எழுந்துவிட்டார். சசிகுமார் வேகவேகமாக எழுதி நீட்டினான்.

இரண்டு வருஷமாக ராசப்பன் விரல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டிருந்த கையெழுத்தை, வேலாத்தாள் இன்றைக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுதியிருந்ததை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். அதன் கீழே சசிகுமார் முத்திரையைக் குத்தினான்: 'ரா. வேலாத்தாள், ஊராட்சி மன்றத் தலைவர்.'