பலாமரம் வரைக்கும் பத்தடி

“இடது தோள் எறங்குது பாருங்க. நிமிர்ந்து நில்லுங்க” என்றான் அருணகிரி.

தீர்த்தகிரி நெளிந்தார். சட்டையில்லாத முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பட்டை வெள்ளைப் பிளாஸ்திரி. கூன் போட்டால் தோலைச் சுண்டி இழுக்கும், நிமிர்ந்தால் விட்டுவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு நர்சம்மா ஒட்டும் வைத்தியம் அது.

நர்சம்மா லீவு. அவருக்குப் பதிலாக ஆஸ்பத்திரி ஜீப்பில் முதல் தடவையாக மலைமேல் புதூர்நாட்டுக்கு வந்த அருணகிரியிடம் அவர் எழுதிய சீட்டு இருந்தது. ‘தீர்த்தகிரி வீடு. இடப்பக்க வாதம். எதையும் பிடிக்காமல் பத்தடி நடக்க வேண்டும். இன்றும் நடக்காவிட்டால் கீழே ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் சேர்த்துவிடு.’

சாமை அறுப்பு நேரத்தில் ஒரு மாதமா? பாவம், மனுஷர் எப்படியாவது நடந்துவிட வேண்டுமே என்று அருணகிரிக்கு அடித்துக்கொண்டது.

“செல்லி, சாருக்குத் தண்ணி மொண்டாந்து குடு” என்றார் தீர்த்தகிரி.

“நீயே குடுய்யா. எனக்குக் கை ஒழியல.”

அவர் மனைவி செல்லியம்மாள் வலக்கையால் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, இடக்கை முந்தானைக்குள் இருக்க, சும்மாதான் நின்றிருந்தாள். சிரிப்பு வேறு. புருஷன் இந்தப் பாடு படும்போது சிரிக்கிறாளே, நல்ல பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டான் அருணகிரி.

“வாசல்லேருந்து பலாமரம் வரைக்கும் பத்தடி. நடந்து காட்டுங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரிதான்.”

ஆஸ்பத்திரி என்றதும் செல்லியம்மாளின் சிரிப்பு நின்றது. தீர்த்தகிரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி நடந்தார். எட்டு, ஒன்பது, பத்து. அருணகிரி கைதட்டப் போன நேரம், மனுஷர் வேர் தடுக்கித் தொப்பென்று விழுந்தார்.

தூக்கப் போனவன் கையைத் தட்டிவிட்டு, “செல்லி, இடுப்பு போச்சு” என்று முனகினார்.

செல்லியம்மாள் வாசற்காலை விட்டாள். இடது காலை இழுத்து இழுத்து, எதையும் பிடிக்காமல் வந்து அவர் தலைமாட்டில் நின்றாள்.

“இன்னாய்யா ஆச்சு? எங்க அடி?”

குனிந்தபோது முந்தானை விலகியது. அவள் இடது தோளிலும் அதே வெள்ளைப் பட்டைகள்.

அருணகிரி சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தான்; ‘தீர்த்தகிரி வீடு’ என்றுதான் இருந்தது, நோயாளி பேர் இல்லை.

தீர்த்தகிரி படுத்தபடியே பல்லைக் காட்டினார். “எனக்கு இன்னா சார் கேடு? அவ ஒத்தையா ஒட்டிக்க வெக்கப்பட்டா, தொணைக்கு நானும் ஒட்டிக்கினேன். வந்துட்டா பாருங்க, பத்தடின்னு எழுதிக்குங்க.”