தானாகச் சேர்ந்த சுதி

பீப் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவரைப்போல மிக்கேல்ராஜ் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். பயத்தில், வராத சத்தத்துக்கும் இரண்டு முறை அழுத்திவிட்டார்.

காட்கோபரில் இருந்த காது டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, ஐம்பத்தோரு வயதில் இப்படிப்பட்ட காது அபூர்வம் என்றார். மிக்கேல்ராஜ் நம்பவில்லை. தன்னுடைய வியாதி பீப் சத்தத்துக்கெல்லாம் அகப்படாது என்று நினைத்தார்.

தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். எந்தக் கருவியும் வைத்துக்கொள்ளாமல் வெறும் காதாலேயே ஆறு தந்திக்கும் சுதி சேர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர்.

அவருடைய கிட்டாரில்தான் இரண்டு மாதமாகச் சுதி நிற்கவில்லை. ராத்திரி சரியாகச் சேர்த்து வைத்துவிட்டுப் படுப்பார். மறுநாள் பட்டறையிலிருந்து வந்து எடுத்தால் ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

முதலில் மழைக்காலத்து ஈரம் என்றார். அப்புறம் தந்திகளை மாற்றிப் பார்த்தார். மனைவி ஜெனி மான்குர்த்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாள் மட்டும் சுதி அசையாமல் நின்றது. வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாததால் காது தெளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதை ஜெனியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் பயிற்சிக்குப் போனால் நான்கு தடவை சரிபார்க்கிறார். அதுவரைக்கும் குழுவே வாயைத் திறக்காமல் காத்திருக்கிறது. காது போய்விட்டால் கிட்டாரும் போய்விடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர் வாசிப்பதைக் கேட்க வேண்டியதுதான்.

டாக்டரிடம் போய்வந்த அன்று பீரோவில் துண்டு தேடும்போது, ஜெனியின் சேலைகளுக்கு அடியில் ஒரு புதுப் பெட்டி தட்டுப்பட்டது. திறந்தால் உள்ளங்கை அளவுக்கு ஒரு மெஷின். கிட்டாரின் தந்தியை முறுக்கும் கீயில் பொருத்தித் தட்டினால் போதும், அதுவே கேட்டு, அதுவே திருகி, சுதி சேர்த்துவிடும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது.

மிக்கேல்ராஜ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். காது விஷயம் இவளுக்கே தெரிந்துவிட்டது என்றால் கோயிலில் யாருக்குத்தான் தெரியாமல் இருக்கும்? பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்து மூடினார்.

மறுநாள் டீக்கடையில், வேறு யாருக்கோ நடந்த மாதிரி விஷயத்தை எடுத்துவிட்டார். குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டெர்லினுக்குக் கேட்டதுமே முகம் சிவந்துவிட்டது.

"இன்னைக்கு அது ட்யூன் பண்ணும், நாளைக்கு அதுவே வாசிச்சுரும். நீரு பக்கத்துல நின்னு கையத் தட்டும் வே."

கல்யாண பேண்டில் வாசிக்கிற ராஹில் இளவட்டம். ஒரு வருடமாகத் தானும் அந்த மெஷினைத்தான் வைத்திருப்பதாகவும், மேடையில் அதனால் ஐந்து நிமிடம் மிச்சமாவதாகவும் சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"வயசானவங்களுக்கு ஏக்தம் பெஸ்ட் அண்ணே. காது போனாக்கூட டென்ஷன் இல்ல."

மிக்கேல்ராஜ் அரை கிளாஸ் கட்டிங் சாயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். உயிரே போனாலும் அந்த மெஷினைத் தொடுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்தார். ராத்திரியில் தயிரை நிறுத்தினார். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சித் தரச் சொல்லி, தினமும் காதில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். ஜெனி ஏன் எதற்கு என்று கேட்காமல், குனிந்த தலை நிமிராமல் காய்ச்சிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிட்டாரை எடுத்து மெதுவாகத் தட்டினார். ஆறு தந்தியும் ஒரே சீராக ஒலித்தன. நம்பாமல் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். மறுநாளும் அப்படியே இருந்தது, அதற்கு அடுத்த நாளும்.

மனிதர் நிமிர்ந்துவிட்டார். பயிற்சியில் யாரையும் காக்கவைக்காமல் நேராகப் பாட்டைத் தொடங்கினார். டீக்கடையில், ஆண்டவர் கொடுத்த காதுக்கு முன்னால் மெஷினெல்லாம் எந்த மூலைக்கு என்று அரைமணி நேரம் பேசினார். ஸ்டெர்லின் இரண்டாவது சாய் வாங்கிக் கொடுத்தான். ராஹில்கூட அந்தப் பூண்டு எண்ணெயை எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டான்.

சுதி நிற்க ஆரம்பித்த பதினைந்தாம் நாள், மிக்கேல்ராஜ் பெட்டியை எடுத்துவந்து ஜெனியின் முன்னால் வைத்தார். அவள் யாருடைய பிளவுஸுக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள்மேல் கோபமெல்லாம் இல்லை. ஜெயித்தவருடைய பெருந்தன்மையோடுதான் பேசினார்.

"பாசத்துலதான் வாங்குன, எனக்குத் தெரியும் புள்ள. ஆனா இதத் திருப்பிக் குடுத்துரு. பதினஞ்சு நாளா நான் கீயில கையே வைக்கல, ட்யூன் அப்படியே நிக்கி. எனக்கெதுக்கு இது?"

ஜெனி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அது உங்களுக்கு வாங்குனது இல்லங்க."

"பின்ன யாருக்கு?"

"எனக்குத்தான். நீங்க பட்டறைக்குப் போனதும் தெனமும் உங்க கிட்டார எடுத்து வாசிச்சுப் பழகுதேன், வாறதுக்குள்ள ட்யூன் பண்ணி வைக்கணும்லா?"