ஒன்பது விநாடி

"மூணு மாசத்துல ஒரு தடவகூட மயங்கி விழலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லவே இல்ல டாக்டர்," என்று சிரித்தார் கணக்கு வாத்தியார். "இவளுக்குக் கணக்குன்னாதான் மயக்கம் வரும். அதுக்குப் போய் நெஞ்சுக்குள்ள மெஷினெல்லாம் வெச்சு..."

மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நெஞ்சில், தோலுக்கடியில், தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கருவி இருந்தது. அவள் மயங்கினால் உடனே அழுத்தச் சொல்லி ஒரு பொத்தானையும் வாத்தியாரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு தடவையும் அழுத்தவில்லை. நடிப்பைப் பதிவு செய்து என்ன பிரயோஜனம்?

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"பொத்தான அழுத்தலைன்னாலும் கருவி தானா பதிஞ்சுக்கும் சார். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு இதயம் ஒன்பது விநாடி நின்னுருக்கு."

அந்த நேரத்தில்தான் அவள் பாதிக் கணக்கில் நாற்காலியிலிருந்து சரிந்தாள். "எந்திரிடி, உன் நாடகத்த வேற யார்கிட்டயாவது வெச்சுக்கோ" என்று, தரையில் கிடந்தவளை வாத்தியார் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ பக்கத்துல யாரும்மா இருந்தா?" டாக்டர் அவளிடம் கேட்டார்.

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரும் இல்ல டாக்டர். அப்பா டியூஷன் எடுக்கப் போயிருந்தாங்க."

வாத்தியார் அதை மறுக்கவில்லை.