உப்பு மிளகாய் தூவிய அன்னாசி

போதும் போதும் என்று குஞ்சம்மா தட்டின்மேல் கையை விரித்து மறைத்தாள். விரலிடுக்கில் இன்னொரு அகப்பைச் சோறு விழுந்தது.

மாமியார் பெத்தம்மாள் அதோடு விடவில்லை. நெய்யை ஊற்றினாள். அவித்த முட்டையை உரித்து வைத்தாள். எல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

மருமகளைப் பார்த்தால் அப்படி என்ன அருவருப்போ! குஞ்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் வீரமுத்துவைப் பதினைந்து வயதில் பெற்றவள் இந்த அத்தை. தலையில் ஒரு நரை கிடையாது. அதட்டலில் மட்டும் நூறு வயசுக் கிழவி.

போன வருஷம் குஞ்சம்மாவின் முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. முந்தின நாள் அவள் அன்னாசிப்பழம் தின்றதுதான் காரணம் என்று பெத்தம்மாள் லயத்து வீடு வீடாகச் சொல்லி அழுதாள்.

இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இதுவாவது தங்க வேண்டும் என்று குஞ்சம்மா வேண்டாத சாமியில்லை. அதற்காக இப்படியா?

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, கீரை சேர்த்துக்கொள், இப்போதே உடம்பைப் பெருக்கினால் பிரசவத்தில் நீதான் திண்டாடுவாய் என்று.

"அந்த ஆளு எத்தன புள்ள பெத்தாராம்?" ஒரே கேள்வியில் அத்தை அவரை முடித்துவிட்டாள்.

வயிறு தெரிவதற்குள் ரவிக்கை பிதுங்கியது. ரப்பர் பால் வாளியோடு நடந்தால் மூச்சு வாங்கியது. கூடப் பால் வெட்டும் பெண்கள் இரட்டைப் பிள்ளையா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

போதாக்குறைக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வாடை ஆகாது என்று வீட்டில் கருவாடு வறுப்பதே நின்றுபோயிற்று. ஆகாதென்று யார் சொன்னது? குஞ்சம்மாவுக்கு வாந்தியும் இல்லை, மயக்கமும் இல்லை. கருவாட்டுக்கு ஏங்கிப்போய்க் கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து, மெர்லிமாவ் பாசாரில் காய்கறி வாங்கப் போன வீரமுத்து புத்தி கெட்டுப்போய் ஓர் அன்னாசிப்பழத்தோடு வந்தான். அம்மாவுக்குப் பிடிக்குமாம். வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உப்பும் மிளகாயும் தொட்டு ஒரு முழுப் பழத்தைத் தனியாளாய்த் தின்பவள்தான் பெத்தம்மாள்.

சரி, தின்கிறவர்கள் தின்னட்டும். குஞ்சம்மா வீம்புக்கென்றே பழத்தைச் சீவினாள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அத்தையின் முன்னால் நகர்த்தினாள்.

பெத்தம்மாள் ஒரு துண்டை எடுத்தாள். உதடுவரை கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது.

பிறகு, பல் கூசுகிறது என்று முனகிக்கொண்டே திரும்ப வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கை அடிவயிற்றின் மேலேயே தங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் காளியம்மா கருவாடு வறுக்க ஆரம்பித்தாள். வாடை உள்ளே வந்ததுதான் தாமதம், பெத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கச் சாக்கடைக்கு ஓடினாள்.

வாசலில் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த மாமனார் அங்கமுத்து என்ன ஏதென்று கேட்கவில்லை. குனிந்த தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

குஞ்சம்மா அவரைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். மலைபோல் சோறு குவிந்திருந்த தன் தட்டைப் பார்த்தாள்.

இத்தனை நாள் தனக்கு இறங்காத சோற்றையெல்லாம் என் தட்டில் கொட்டியிருக்கிறாள், பைத்தியக்காரி! ஆத்திரத்தில் கண் கலங்கியது.

பழத்தை அப்படியே அள்ளிப்போய் காளியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இன்னொரு தட்டை எடுத்து, முட்டையைப் பாதியாகப் பிட்டு வைத்தாள்.

முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்த பெத்தம்மாள் வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்கக் கூசினாள்.

"உக்காருங்க அத்தே. தட்டுல ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது!"

பெத்தம்மாள் தட்டின்மேல் கையை விரித்து மறைத்தாள்.

குஞ்சம்மா விரலிடுக்கிலேயே சோற்றைப் போட்டாள்.