நாலு ரிங்

கீழே கோடவுன் போன் நான்கு முறை அடித்தது. ஐந்தாவது அடிப்பதற்குள் என் வாய்ஸ் மெயில் பெட்டி குறுக்கே புகுந்து, தற்போது இங்கே யாரும் இல்லை, செய்தியைச் சொல்லுங்கள் என்றது.

யாரும் இல்லையாம். ஆள் இருந்தார். போனை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அந்தக் கோடவுன் பெரியவரே நான் இருந்த மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மூச்சு இரைத்தது. கூப்பிட்டீங்களா என்று கேட்டார். சும்மா டெஸ்ட் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

காலையிலிருந்து அந்த ஆபீஸின் போன்களை ஒவ்வொன்றாகப் பெட்டியோடு இணைத்துக்கொண்டிருந்தேன். எல்லா மேசையும் இரண்டாவது ரிங்கில் எடுத்தது. கோடவுன் மட்டும்தான் இப்படி.

எட்டு ரிங் என்று மாற்றிவிடலாம், எனக்கு இரண்டு பட்டன் வேலை என்றேன். மேனேஜர் சிரித்தார்.

“நாலே இருக்கட்டும். எடுக்காத கால் எல்லாம் மாசக் கடைசியில லிஸ்ட்டா வரும்ல? அதைக் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

ஆக, என் பெட்டி இதற்குத்தான்.

அந்த மனிதரின் முழங்கால் போனதே அந்தப் போனால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், மணி அடிக்கிறதென்று ஓடி வந்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாராம். மேனேஜர்தான் சொன்னார், ஏதோ வேடிக்கை மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடுவிடுவென்று கீழே இறங்கினேன். இந்தக் கட்டடத்துக்கு எப்போதோ ஒருமுறை வந்த ஞாபகம். நூறு ஆபீஸ் ஏறி இறங்குகிறவனுக்கு எல்லாப் படிக்கட்டும் ஒன்றுதான்.

போன் கோடவுன் வாசலை ஒட்டிச் சுவரில் தொங்கியது. அவருடைய மேசை, சரக்கு இறங்கும் பின்கதவுப் பக்கம், அந்தக் கோடியில். நடந்து பார்த்தேன். என் காலுக்கே முப்பத்திரண்டு தப்படி.

ஒயர் மாடியிலிருந்து ஒழுங்காக இறங்கி, வாசலைத் தாண்டி ஒரு முழம் வந்து, அங்கேயே முடிந்துவிட்டது.

கோபத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். எந்தச் சோம்பேறி இழுத்த லைன் இது? உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷன் எங்கே, போன் எங்கே? அவனுக்கென்ன, கையெழுத்து வாங்கியாச்சு, கிளம்பியாச்சு. இந்த மாதிரி ஆட்களால்தான் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர். அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், இந்த முப்பத்திரண்டு தப்படியையும் ஒரு நாள் முழுக்க முட்டி போட்டு நடக்க வைப்பேன்.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஒயர் இருந்தது. இது எனக்குச் சொன்ன வேலை இல்லை, மேனேஜர் குதிப்பார். குதிக்கட்டும். மேசை வரைக்கும் இழுத்துவிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார், அவரை யாரும் எங்கும் அனுப்ப முடியாது.

பையை வைக்க இடம் தேடினேன். மேசை, தரை, ஜன்னல் திட்டு, எங்கும் பெட்டிகள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் மட்டும் காலியாக, தூசியில்லாமல் இருந்தது. அதில் வைத்தேன்.

பெரியவர் கை நீட்டிப் பையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அது போனுக்குன்னு போட்டு வச்சது தம்பி. ஒயர் தீந்துபோச்சு, நாளைக்கு வந்து மேசை வரைக்கும் இழுத்துத் தர்றேன்னு அன்னைக்கு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க.”