கூவாத தொப்பி

வெயில் அளவு மீறி ஒரு தொப்பி கூவினாலும் உப்பளத்தில் எல்லோரும் வேலையை நிறுத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாற்பது பெண்களுக்குச் சோதனைக்குக் கொடுத்த நீலத் தொப்பிகளில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. முந்தாநாள் பாத்தியிலேயே மயங்கி விழுந்த செல்வக்கனியின் தொப்பியும் கம்மென்றுதான் இருந்தது.

“அவ்வளவு குளுமையான தொப்பி! இதையே நிரந்தரமாக்கிருவோம், விரல் வைங்க,” என்று கைரேகைப் பலகையை நீட்டினார் மேற்பார்வையாளர் டைட்டஸ்.

பேச்சித்தாய் விரல் வைக்கவில்லை.

“அண்ணாச்சி, இதை வாங்குனவிய தலையில கூடையைச் சுமந்து பாத்தாவளா?”

“ஆபீஸ்ல மேசையில வச்சுல்லா பாத்தாங்க.”

அவள் தொப்பியின் உச்சியில் இருந்த பொத்தானைக் காட்டினாள். வெயிலை அளக்கும் கண் அது. அதன்மேல்தான் சும்மாடு வைத்து உப்புக் கூடையை ஏற்றுகிறார்கள். நாளெல்லாம் அந்தக் கண் கூடை நிழலில் சொகுசாகத் தூங்குகிறது.

மாதிரிக்கு வந்து கொட்டகை மூலையில் கிடந்த வெள்ளைத் தொப்பிக்குக் கண் பிடரியில் இருந்தது. பேச்சித்தாய் அதை மாட்டிக்கொண்டு, கூடையோடு வரப்பில் நடந்தாள். பத்தாவது எட்டில் தொப்பி சேவலாகக் கூவியது.

நாற்பது கூடைகளும் இறங்கின. பலகையில் வெள்ளைத் தொப்பிக்கு முதல் விரலை வைத்தவள் செல்வக்கனி. குலவையிட்டபடி எல்லோரும் கொட்டகை நிழலுக்கு நடந்தார்கள். டைட்டஸ் மட்டும் வெறுந்தலையோடு வெயிலில் நின்றார்.

“நீங்களும் வாங்க அண்ணாச்சி,” என்றாள் பேச்சித்தாய். “உங்க தலைக்குக் கூவத்தான் ஒண்ணும் இல்லையே.”